கல் சொல்லாத தீர்க்கரேகை

முகப்பேர் கிழக்கில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கேள்வி வந்தாலும் முழு விடை கொடுத்தாக வேண்டும். பாதி விடை சொன்னால் அன்று தூக்கம் வராது. அதைத் தணித்தது, பழம்பாறைகளில் பதிந்த காந்தத்தைப் படிக்கும் தொல்காந்தவியல்.

"இந்தியா தெற்கேயிருந்து வந்துச்சுன்னு எப்படி சார் கண்டுபிடிச்சாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பிடித்த பாடம். எரிமலைக் குழம்பு ஆறி சுமார் 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வரும்போது, அதிலுள்ள மேக்னடைட் துகள்கள் அன்றைய புவிக்காந்தப் புலத்தின் திசையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்தப் புலம் நிலநடுக்கோட்டில் கிடையாக இருக்கும். துருவத்தில் செங்குத்தாக நிற்கும். ஆகவே சரிவுக் கோணத்தை அளந்தால் அட்சரேகை கிடைத்துவிடும்.

1950களில் கேம்பிரிட்ஜில் எட்வர்ட் இர்விங்கும், இயற்பியலாளர் பிளாக்கெட்டின் குழுவைச் சேர்ந்த கிளெக், டாய்ச், கிரிஃபித்ஸ் ஆகியோரும் தக்காண எரிமலைப் பாறைகளை இப்படி அளந்தார்கள். புலம் தலைகீழான காலங்களைச் சரிசெய்து பார்த்தால், இன்று கீழ்நோக்கிச் சாய வேண்டிய காந்தம் 45 டிகிரிக்கும் மேலாக மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணம் தெற்கு அட்சரேகை 30 டிகிரியை ஒட்டி இருந்திருக்கிறது. வடக்கு காட்ட வேண்டிய திசையும் மேற்கே விலகியிருந்தது. வரும் வழியில் நிலம் இடஞ்சுழியாகத் திரும்பியிருக்கிறது.

என் வீட்டுச் சமையல் மேடை கருப்பு கிரானைட். இந்தப் பெயரில் விற்பதில் பெரும்பாலானவை டோலரைட், எரிமலைக் குழம்பின் உறவுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி அருகே தொங்கவிட்டேன். மெல்ல மேடைப் பக்கம் சாய்ந்தது. "அப்ப இதுலயும் கணக்குப் போடலாமா சார்?" என்றாள் அதே மாணவி. முடியாது. ஆய்வாளர்கள் கல்லைப் பெயர்க்கும் முன்பே அதன்மேல் வடக்கையும் சாய்வையும் குறித்துவிடுவார்கள். குவாரியில் அறுத்துப் புரட்டிய பலகையில் காந்தம் இருக்கும், எது மேல் எது கீழ் என்பது இருக்காது.

அடுத்து வந்தது உண்மையான சோதனை: "தெற்கே சரி, கிழக்கா மேற்கா எங்க இருந்துச்சு?" நாக்கு நுனியில் ஒரு கதை தயாராக நின்றது. விழுங்கிக்கொண்டேன். பூமியின் அச்சைச் சுற்றி ஒரே அட்சரேகையில் எங்கே நின்றாலும் சராசரிச் சரிவு ஒன்றுதான். அதனால் அந்தக் கல்லுக்குத் தீர்க்கரேகை தெரியாது. அதற்கு இந்தியப் பெருங்கடல் தரையின் காந்தப் பட்டைகளைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

அன்றிலிருந்து என் டியூஷன் தேர்வில், "இந்தத் தரவை வைத்து இதற்குமேல் சொல்ல முடியாது" என்று காரணத்தோடு எழுதுகிறவர்களுக்கும் முழு மார்க்.