ஷெல் மாத்திறது

எங்கட துறையில் மொழியியல் படிக்கிற எட்டுப் பேருக்கு ஒரே லினக்ஸ் சேர்வரில் ஆளுக்கொரு கணக்கு. பழைய பத்திரிகைக் கோப்புகளில் சொற்களை எண்ணுகிற வேலை. உள்ளே போனால் வெறும் டொலர் குறி ஒன்று நிற்கும். மேலம்பை அமத்தினால் முன்னர் அடித்த கட்டளை வராது, கிறுக்கலாக நாலு எழுத்து விழும். லினக்ஸ் எண்டாலே இப்பிடித்தான் எண்டு பலர் ஒவ்வொரு வரியையும் முழுசாத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார்கள்.

குறை லினக்ஸில் இல்லை, ஷெல்லில். நாம் அடிப்பதை வாங்கி விளங்கி உள்ளேயிருக்கும் கேர்னலிடம் வேலையை ஒப்படைக்கிற நிரல்தான் ஷெல். பருப்பும் சிரட்டையும் மாதிரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஷெல், கேணல் எண்டு எங்கட காதில் விழுந்தால் சிரட்டையா ஞாபகம் வரும்? “ஷெல் மாத்தப் போறன்” எண்டு போனில் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் கதைக்கவே இல்லை. 2009இல் எனக்கு ஆறு வயது.

சேர்வரில் ஒவ்வொரு பயனருக்கும் ஏழு துண்டுகள் கொண்ட ஒரு வரி உண்டு. உள்ளே வந்ததும் எந்த ஷெல் திறக்கவேண்டும் என்பது கடைசித் துண்டு. கணக்குத் திறந்தவர் ஒன்றும் சொல்லாவிட்டால் ‘யூசர்அட்’ கட்டளை தானாக ஒன்றை நிரப்பும். உபுண்டுவில் அது டாஷ். சின்னது, வேகமானது, ஆனால் மனிசர் இருந்து தட்டுறதுக்குச் செய்ததல்ல. பிரையன் ஃபொக்ஸ் 1989இல் வெளியிட்ட பாஷ் அதே சேர்வரில் சும்மா கிடந்தது.

எனக்குப் பிடித்தது மாற்றுகிற விதம். அந்தக் கோப்பைத் திருத்தும் அதிகாரம் ரூட் என்கிற நிர்வாகிக்கு மட்டும்தான். ஆனால் ‘சிஎச்எஸ்எச்’ என்ற கட்டளை அந்த அதிகாரத்தை ஒரு கணம் இரவல் வாங்கி, நம்முடைய வரியின் கடைசித் துண்டை மட்டும் மாற்றவிடும். கடவுச்சொல் கேட்கும். அனுமதித்த பட்டியலில் உள்ள ஷெல்லைத்தான் ஏற்கும். பக்கத்து ஆளின் வரியைத் தொடவிடாது. கடிதமும் இல்லை, ஒருத்தரின்ர கையொப்பமும் இல்லை. விடுதி அறை மாற அலைந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். மாற்றம் அடுத்தமுறை உள்ளே வரும்போதுதான் தெரியும்.

அதே கடைசித் துண்டில் நிர்வாகி ‘நோலொகின்’ என்று எழுதிவிட்டால் சரியான கடவுச்சொல்லோடு வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அந்தக் கோப்பை யாரும் வாசிக்கலாம். படிப்பு முடித்துப் போன ஒரு அக்காவின் வரியில் அதைக் கண்டேன். பெயரும் கோப்புகளும் அப்படியே இருக்கின்றன. அவ செய்துவைத்த சொற்பட்டியலை வைத்துத்தான் நாங்கள் இப்பவும் எண்ணுகிறோம்.