விரல் இருக்கிறது, ஆனால் தெரியவில்லை

எங்கள் வடசென்னைப் பேச்சில் 'நரம்பு' என்ற ஒரே சொல்லுக்கு மூன்று வேலை. ஊசி போட நர்ஸ் தேடுவது நரம்பு. விரலை மடக்கினால் மணிக்கட்டில் கயிறு போல எழும்புவது நரம்பு. கை மரத்துப்போனால் அதுவும் நரம்பு. முதலாவது ரத்தக் குழாய், இரண்டாவது தசைநாண், மூன்றாவதுதான் உண்மையான நரம்பு. பேச்சில் இந்தக் குழப்பத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. காயம் பட்ட கையில் கெட்டுப்போகும்.

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் 34 வருடம் இருந்தேன். விபத்து ரிஜிஸ்டர் என் மேஜையில்தான் இருக்கும். தேதி, ஷிப்ட், மெஷின், எந்த விரல், எந்தக் கணு என்று எழுதுவோம். விரல் போனால் எழுதக் கட்டம் இருந்தது. உணர்வு போனால் எழுதக் கட்டம் இல்லை.

1980-களின் கடைசியில் நடந்தது இது. பிரஸ் ஷாப்பில் ஒருவருக்குத் தகடு நழுவி வலது மணிக்கட்டின் உட்பக்கம் குறுக்காக வெட்டிவிட்டது. ரத்தம் கொட்டியது. அருகில் இருந்த ஒரு கிளினிக்கில் தையல் போட்டு அனுப்பினார்கள். தையல் பிரித்ததும் வேலைக்கு வந்துவிட்டார். ஐந்து விரலும் இருந்தன, தழும்பும் காய்ந்திருந்தது. ஆனால் ஸ்பேனர் கையிலிருந்து விழுந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் பீடி விரல் இடுக்கில் எரிந்து தோல் கருகும்வரை அவருக்குத் தெரியவில்லை.

"தொட்டா தெரில சார். வேற யாரோ கை மாரி கீது" என்றார் என்னிடம்.

சூப்பர்வைசர் நம்பவில்லை. "நல்லா கீற கைய வச்சிக்கினு நடிக்கிறான் சார்" என்றார். வேலையில் மெத்தனம் என்று ஒரு மெமோ தயாரானது. மெமோ போனால் விசாரணை, அதன் பிறகு என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

நல்ல வேளையாக இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டர் அவரை ஸ்டான்லிக்கு எழுதிக் கொடுத்தார். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்த ஆஸ்பத்திரி என்பதால் எங்கள் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். அங்கே 1970-களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே ஒரு தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். இந்தியாவில் அந்தத் துறைக்கு அவர் ஒரு முன்னோடி. துறைமுகம், காசிமேடு, பட்டறைகள், பிரஸ் மெஷின்கள் என்று கையை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு நடுவே அது அமைந்தது பொருத்தம்தான்.

அறிக்கையில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். அவருடைய இரண்டு கைகளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் வைக்கச் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தால் இடது கையில் ஐந்து விரல் நுனியும் சுருங்கியிருந்தன, துணி துவைத்தவர்கள் கை போல. வலது கையில் சுண்டுவிரல் சுருங்கியிருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் உரித்த முட்டை போல வழவழவென்று இருந்தன.

தண்ணீர் ஊறுவதால் தோல் சுருங்குகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். நரம்பு கட்டளையிட்டு விரல் நுனியின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தோலும் சுருங்குகிறது. நரம்பு அறுந்தால் அந்தச் சுருக்கம் வராது, வியர்வையும் வராது. 1973-இல் அயர்லாந்து டாக்டர் ஓ ரியன் இதை ஒரு சோதனையாகவே எழுதியிருக்கிறார். யாராலும் இதை நடித்துக் காட்ட முடியாது. டாக்டரின் குறிப்பு வந்த பிறகு அந்த மெமோ வெளியே வரவே இல்லை.

கைக்கு முக்கிய நரம்புகள் மூன்று. முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கிறதே, அது அல்நார் நரம்பு. மணிக்கட்டையும் விரல்களையும் மேலே நிமிர்த்துவது ரேடியல். மணிக்கட்டின் நடுவில் போவது மீடியன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலின் பாதி, இவற்றின் உணர்வும், கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவரும் சக்தியும் அதனுடையவை. நம்மவருக்கு அறுந்தது அதுதான். மேல்தோலைத் தைத்தவர்கள் அதைப் பார்க்கவில்லை.

மைக்ரோஸ்கோப் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் இரண்டு முனைகளையும் சேர்த்தார்கள். ஒயரை ஒட்டினால் விளக்கு எரிவது போல உடனே உணர்வு வந்துவிடாது. வெட்டுக்கு அப்பால் இருக்கும் இழைகள் செத்துப்போகும், உறை மட்டும் மிஞ்சும். இந்தப் பக்க இழைகள் அந்த உறைக்குள் புதிதாக வளர்ந்து போக வேண்டும். அதன் வேகம் ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து ஆள்காட்டி விரல் நுனி 18 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 180 நாள், அதற்கு முன்னால் தொடக்கத் தாமதம் சில வாரங்கள்.

மாதாமாதம் போனபோது பிசியோதெரபிஸ்ட் அவர் உள்ளங்கையில் விரலால் தட்டிக்கொண்டே போவார். 'சுர்' என்று விரலுக்குள் ஓடும் இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி. நரம்பு அதுவரை வந்துவிட்டது என்று அர்த்தம். 1915-இல் பிரான்சில் டினெல், ஜெர்மனியில் ஹாஃப்மன் என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்ன சோதனை. மாதத்துக்கு ஒரு அங்குலம் போல அந்தப் புள்ளி நகர்ந்தது. அடுத்த முறை வரை அழியாமல் இருக்க அவர் மனைவி அதன்மேல் மறுபடி மறுபடி மை வைப்பாராம்.

வீட்டில் அந்த அம்மாதான் தெரபிஸ்ட். ஒரு துணிப்பைக்குள் அரிசி, துவரை, புளியங்கொட்டை, பட்டன், நாலணா போட்டு, கண்ணை மூடி எடுத்துச் சொல்லச் சொல்வார். முதலில் ஆள்காட்டி விரலைத் தொட்டால் கட்டைவிரலில் தெரியுமாம். இழைகள் உறை மாறிப் போய்விடுவதால் மூளை புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. டீ கிளாஸை இடது கையால் மட்டும் பிடிக்க வேண்டும் என்பது கண்டிப்பான உத்தரவு. வலி தெரியாத கை தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்பதை, வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியிலிருந்தே கவனித்துச் சொல்லிவந்தார்.

ஒன்றேகால் வருடம் கழித்து அவர் சட்டைப் பட்டனைப் பார்க்காமல் போட்டார். பழைய கை முழுசாக வரவில்லை. பிரஸ்ஸுக்குப் போகாமல் ஸ்டோர்ஸுக்கு மாறி, அங்கிருந்தே ஓய்வு பெற்றார்.

தோள்பட்டையில் நரம்புக் கொத்தே பிய்ந்துபோனால் கதை வேறு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் விழும் பிள்ளைகளுக்கு இது நடக்கலாம். தோளிலிருந்து கைவரை வளர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். நரம்பு வராத தசை ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருக்காது. அதனால்தான் வேறு இடத்து நரம்பைத் திருப்பிவிட்டு, முதலில் முழங்கை மடங்கவும் தோள் எழும்பவும் வழி செய்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் போவது நல்லது. எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டுப் பார்ப்போம் என்று வருடத்தைக் கழித்துவிட்டால் எந்த டாக்டராலும் அந்த நாட்களைத் திருப்பித் தர முடியாது.

1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை எனக்கு இன்றும் மனப்பாடம். கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி முழுதும் 14, நடுவிரல் 12, சுண்டுவிரல் 7. பயன்பாடு முழுமையாகவும் நிரந்தரமாகவும் போனால் உறுப்பு போனதற்குச் சமம் என்ற குறிப்பும் உண்டு. பாதி உயிரோடு இருக்கும் விரலுக்குத் தனி வரி கிடையாது. அதை டாக்டர் எழுதினால்தான் உண்டு. அவர் எழுத வேண்டுமானால் காயம் பட்டவர் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மீன் கத்தியோ, கண்ணாடியோ, மாஞ்சா நூலோ, மணிக்கட்டிலும் உள்ளங்கையிலும் ஆழமாக வெட்டினால், ரத்தத்தை அழுத்தி நிறுத்திக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தையலுக்கும் மரப்பு ஊசிக்கும் முன்னால், கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரல் நுனியையும் பேனா முனையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மற்றக் கையோடு ஒப்பிடுங்கள். ஒரு விரலில் வித்தியாசம் இருந்தாலும் "இது மரத்திருக்கு டாக்டர்" என்று வாய்விட்டுச் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.