அம்மை ஊசித் தழும்பு

இதை எழுதுவதா வேண்டாமா என்று நாங்கள் இருவரும் பல நாட்கள் பேசிக்கொண்டிருந்தோம். நாங்கள் அக்கா, தங்கை. இரண்டு வயது இடைவெளி. இருவருக்கும் நாற்பது கடந்துவிட்டது. இருவருக்கும் இரண்டிரண்டு பிள்ளைகள். எங்களில் ஒருத்தி, தளர்ந்து இறங்கிவிட்ட தன் மார்பை அறுவை சிகிச்சை மூலம் உயர்த்திக்கொள்ள விரும்பினாள். இன்னொருத்தி எதிர்த்தாள். யார் எவர் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. ஊரில் எங்களை உற்றுப் பார்க்க நினைப்பவர்கள் இருவரையும் சரிசமமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் விரும்பியவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. விடியற்காலை நடை, இரவில் இரண்டு கேழ்வரகு தோசை என்று ஒன்றரை ஆண்டில் 19 கிலோ குறைத்தாள். கல்யாண வீடுகளில் எல்லோரும் பாராட்டினார்கள். அவர்கள் பாராட்டியது புடவைக்கு வெளியே தெரிந்ததை. உள்ளே, கொழுப்பு போன இடத்தில் தோல் மட்டும் மிஞ்சியிருந்தது. மார்பை உள்ளிருந்து தாங்குபவை மெல்லிய இழைநார்கள். ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1840இல் வெளியிட்ட நூலில் விவரித்ததால் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. நீண்டு தளர்ந்துவிட்ட அந்த நார்களை எந்த உடற்பயிற்சியும் பழையபடி சுருக்கித் தருவதில்லை. பயிற்சியில் வலுப்பது மார்புக்குப் பின்னாலுள்ள தசை. அதன்மேல் அமர்ந்திருப்பது தசையே அல்ல.

"ரெண்டு பிள்ளைக்குப் பால் குடுத்தா அப்படித்தான் ஆகும்" என்று அம்மா சொல்லிவந்தாள். நாங்களும் நம்பியிருந்தோம். ஆனால் அமெரிக்காவின் கென்டக்கியில் பிரையன் ரிங்கர் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது. வயது, உடற்பருமன், கருவுற்ற தடவைகள், முன்பிருந்தே பெரிதாக இருந்த மார்பு, புகைப்பழக்கம் ஆகியவைதான் தளர்ச்சியோடு தொடர்புடையவை; பாலூட்டியது அல்ல. இத்தனை வருடங்களாகப் பிள்ளைகள்மேல் சுமத்தியிருந்த ஒரு சின்னக் கணக்கு அன்றைக்குத் தீர்ந்தது.

மருத்துவரிடம் நேரம் வாங்கத் தொலைபேசியில் அழைத்தபோது, "என்ன பிராப்ளம் மேடம்?" என்று கேட்ட பெண்ணிடம் அவளால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. "நெஞ்சுல" என்றாள். இதய மருத்துவருக்கு டோக்கன் போட இருந்தார்கள். கண்ணகி இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்த கதையைப் பள்ளியிலேயே படித்தவர்கள் நாங்கள். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வெளிவந்து சர்ச்சையானபோது, கல்லூரி விடுதியில் அவர் பக்கம் நின்று வாதாடியவர்களும்கூட. இலக்கியத்தில் கூசாத சொல், சொந்த உடலுக்கென்று வந்ததும் தொண்டையில் நின்றுவிட்டது.

எதிர்த்தவளிடம் வாதங்களுக்குக் குறைவில்லை. பணம், மயக்கமருந்து, பிள்ளைகள் என்ன நினைப்பார்கள், இந்த வயதில் எதற்கு. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அழகுசார்ந்த மார்பக அறுவை சிகிச்சைகளை இலவசமாகச் செய்யத் தொடங்கினார்கள். உயிர்போகும் நோய்கள் எத்தனையோ இருக்க அரசுக்கு இது முக்கியமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. நாங்கள் இருவருமே அந்தக் கேள்வியின் பக்கம்தான் நின்றோம். அவர்கள் யாரோ. இப்போது அதே கேள்வி எங்கள் சமையலறைக்குள் வந்திருந்தது.

மருத்துவர் ஐம்பதைக் கடந்த பெண்மணி. முதல் கால் மணி நேரம் கேள்விகள் மட்டுமே. இனிப் பிள்ளை பெறும் எண்ணம் உண்டா, எடை எத்தனை மாதமாக மாறாமல் இருக்கிறது, இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்டா, வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா. பிறகு, "இது யாருக்காக?" கணவருக்காகவா என்பதுதான் கேள்வியின் உள்ளர்த்தம். கணவர் எதுவும் சொன்னதில்லை என்றாள். மருத்துவர் அதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு நிற்கவைத்து அளவுநாடாவால் அளந்தார். தொண்டைக்குழியிலிருந்து காம்பு வரை 28 சென்டிமீட்டர். மார்பின் அடிமடிப்போடு ஒப்பிட்டால் காம்பு எங்கே இருக்கிறது என்பதை வைத்து மூன்று படிகள் உண்டு. பால் ரெய்னோ என்ற பெண் மருத்துவர் 1976இல் வகுத்தது. மடிப்பின் மட்டத்தில் இருந்தால் முதல் படி. கீழே இறங்கியும் மார்பின் அடிவிளிம்பை எட்டாமல் இருந்தால் இரண்டாவது. அடிவிளிம்பிலேயே நின்று தரையைப் பார்த்தால் மூன்றாவது. இவளுக்கு இரண்டு.

அதன்பின் நாங்கள் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்: "இடது கையைக் காட்டுங்க." மேற்கையில் பி.சி.ஜி. ஊசியின் தழும்பு இருந்தது. அம்மா இன்றும் அதை அம்மை ஊசி என்றுதான் சொல்வாள். நாங்கள் பிறப்பதற்குள் பெரியம்மையே ஒழிந்துவிட்டது. கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக, தடித்து, பளபளப்பாக இருந்தது. சித்திரை வெயிலில் அரிக்கும். பிறகு காதுமடலில் இரண்டாவதாகக் குத்திய துளையையும் தடவிப் பார்த்தார். "கெலாய்டு வர்ற உடம்பு" என்றார்.

ஒரு தாளில் வரைந்து விளக்கினார். தூக்குவது என்று பெயரே தவிர, செய்வது மிகுதியான தோலை வெட்டியெடுத்து, மீதியை வடிவாக்கித் தைப்பது. காம்பைக் கழற்றுவதில்லை, இரத்தக்குழாய்களும் நரம்புகளும் உள்ள திசுவோடு சேர்த்தே மேலே நகர்த்துகிறார்கள். ஆனாலும் உணர்ச்சி குறையலாம். தையல் காம்பைச் சுற்றி மட்டும் வரலாம். அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடும் வரலாம். அடிமடிப்பில் கிடைக்கோடும் சேர்ந்து நங்கூரம்போலவும் வரலாம். 1956இல் ராபர்ட் வைஸ் என்ற மருத்துவர் வகுத்த வெட்டு அச்சு, உள்ளாடை தைக்கும் அச்சிலிருந்து பிறந்தது என்றார். ரவிக்கை தைத்து எங்களைப் படிக்கவைத்தவள் அம்மா. டாட் பிடிப்பது எதற்கென்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. துணியில் டாட் மடிப்புக்குள் மறைந்துவிடும். தோலில் மறையாது.

கிடைக்கோட்டின் உள்முனை நெஞ்செலும்பை நெருங்கும் இடத்தில்தான் தழும்பு அதிகம் தடிக்கும். அதனால் அந்தக் கோட்டைத் தவிர்க்கப் பார்ப்பேன் என்றார். சிலிக்கான் பட்டை, ஊசி என்று வழிகள் உண்டு. "ஆனா தடிக்காதுன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். பழைய உருவம், புதுத் தழும்பு, ரெண்டுல எதைக் கண்ணாடியில பாத்தா உங்களுக்குக் கஷ்டம் கம்மின்னு யோசிச்சிட்டு வாங்க." மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.9; அதை 7க்குக் கீழே கொண்டுவரவும், எடை ஆறு மாதம் நிலையாக இருக்கவும், மாமோகிராம் எடுக்கவும் சொல்லி அனுப்பிவிட்டார். எங்களை உடனே படுக்கவைத்துவிடுவார்கள் என்று பயந்துதான் போயிருந்தோம்.

அந்த ஆறு மாதத்தில் ஒன்று நடந்தது. அடிமடிப்பில் வேர்வைக்கு வரும் அரிப்பும் புண்ணும்தான் அவள் வெளியே சொல்லிக்கொண்டிருந்த காரணம். மருத்துவர் சொல்லி, கடையில் அளவெடுத்துப் புதிய உள்ளாடை வாங்கினாள். திருமணமான நாளிலிருந்து ஒரே எண்ணையே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். சரியான அளவும் ஒரு பூஞ்சைப் பவுடரும் சேர்ந்து இரண்டு வாரத்தில் புண்ணை ஆற்றிவிட்டன. அழகுக்கான அறுவைக்குக் காப்பீடு கிடையாது என்பதும் உறுதியாயிற்று. எதிர்த்தவள் வென்றுவிட்டதாக நினைத்தாள். இனி மிஞ்சியிருந்தது வெறும் ஆசை. அதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

ஒரு கல்யாணத்துக்குப் போய் விடுதியில் ஒரே அறையில் தங்கினோம். சிறுவயதிலிருந்து ஒருத்தி முன் ஒருத்தி உடை மாற்றிப் பழகியவர்கள். அன்று அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எதிர்த்தவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தானும் பல ஆண்டுகளாகக் குனிந்து பாராமலேயே குளிக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் சரிசெய்துகொண்டால், சகித்துக்கொண்டிருக்கும் நான் எதற்காகச் சகித்தேன் என்ற கேள்வி வரும். அவளுடைய வாதங்களுக்கெல்லாம் அடியில் கிடந்தது அதுதான். இதை எழுதியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளும் அவள்தான்.

ஆறு மாத முடிவில் சர்க்கரை 6.7. எடை ஒரு கிலோகூட அசையவில்லை. மாமோகிராமில் குறையில்லை. அத்தனை நாளும் கண்ணாடி முன் நின்று மேற்கைத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். இதேபோல் இன்னும் இரண்டு கோடுகள் வந்தால் என்ன என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதாம். அது பெரிதாகத் தெரியவில்லை என்றாள். எதிர்த்தவளுக்கு இன்னும் அப்படித் தோன்றவில்லை. அவளுக்கு இந்த அறுவையும் தேவையில்லை. தான் போய் மருத்துவரைப் பார்க்கப்போவதில்லை என்கிறாள்.

தை மாதம் இரண்டாவது வாரத்தில் தேதி வாங்கியிருக்கிறோம். சில வாரங்களுக்குக் குக்கர்கூடத் தூக்கக் கூடாது என்பதால் எதிர்த்தவள் அங்கே போய்த் தங்குவதாக ஏற்பாடு. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னோம். நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. மறுவாரம் கூரியரில் ஒரு பொதி வந்தது. முன்பக்கம் பொத்தான் வைத்த நான்கு பருத்தி நைட்டிகள். அளவு கேட்கவேயில்லை.