கால் விட்டதும் கை பிடித்ததும்

முதுமை ஒருவரிடமிருந்து எதை முதலில் எடுத்துக்கொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. சிலரிடம் பார்வையை எடுக்கிறது; சிலரிடம் நினைவை. எங்கள் தந்தையாரிடம் அது பாதங்களின் உணர்வை எடுத்துக்கொண்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக உடனிருந்த நீரிழிவு நோய், நரம்புகளை மெல்ல மெல்ல மழுங்கச் செய்திருந்தது. செருப்பு ஒன்று கழன்று விழுந்ததையும் அறியாமல் முற்றத்தைக் கடந்து வருவார். எனினும், ஜீப்பின் சாவியை மட்டும் எவரிடமும் கொடுக்க மாட்டார்.

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிக்கு அப்பால் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று உண்டு. இடையிடையே மிளகுக் கொடியும் மலைவாழையும். அந்தத் தோட்டத்தோடு சேர்ந்தே வளர்ந்தது மகிந்திரா நிறுவனத்தாரின் பழைய பெட்ரோல் ஜீப். 1953இல் அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் வெளியிட்ட சிஜே-3பி என்ற உயர்ந்த மூக்குடைய வண்டியின் வழிவந்தது அது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்புகளின் டாஷ்போர்டில் சோக் குமிழுக்கு அருகே இன்னொரு குமிழும் இருந்தது. அதை இழுத்து வைத்தால், கால் மிதிக்காமலே எஞ்சின் ஒரே வேகத்தில் ஓடும். போர் முடிந்த 1945இல் உழவர்களுக்கென்று ஜீப் விற்பனைக்கு வந்தபோது, பெல்ட் பூட்டி இயந்திரங்களை ஓட்டுவதற்கு அந்தக் குமிழ் பெரிதும் உதவியது. எங்கள் வண்டியிலோ அதற்குரிய ஓட்டை மட்டுமே எஞ்சி, ரப்பர் மூடியொன்றால் அடைபட்டுக் கிடந்தது.

2011ஆம் ஆண்டின் மாசி மாதத்தில் ஒருநாள் தந்தையார் அந்த ரப்பர் மூடியைச் சுட்டிக்காட்டினார்.

"இதுல ஒரு கை ஆக்சிலேட்டர் மாட்டிக் குடுங்கடா. அப்புறம் காலுக்கு என்ன வேலை?"

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. கல்லும் பள்ளமுமான தோட்டப் பாதையில் வண்டி குலுங்கும்போது காலும் குலுங்கும். கால் குலுங்கினால் எஞ்சின் சீறும், தணியும். அதனால் வண்டி மேலும் குதிக்கும். கை ஆக்சிலேட்டர் இருந்தால், தாழ்ந்த கியரில் வண்டி ஆமைபோல் நிதானமாக ஊர்ந்து ஏறும். ஆனால், அவர் கேட்டதன் காரணம் அதுவன்று என்பதை நாங்கள் அறிவோம். அதற்கு முந்திய வாரந்தான் அவர் வண்டியைத் தோட்டத்து வாயிற்கல்லில் மோதியிருந்தார். பிரேக்கை மிதித்ததாகவே அவர் எண்ணியிருந்தார். கால் இருந்ததோ ஆக்சிலேட்டரின் மீது. அந்தக் கல்லின் மறுபுறத்தில் கூலியாட்களின் குழந்தைகள் விளையாடுவது வழக்கம். அன்று ஞாயிற்றுக்கிழமை; குழந்தைகள் இல்லை. அவ்வளவே.

உடன்பிறந்தோர் இருவரும் வத்தலக்குண்டுக்கு இறங்கிச் சென்று, எங்கள் வண்டியைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மெக்கானிக்கிடம் செய்தியைச் சொன்னோம். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"வண்டி ஓட்டவா கேக்குறாரு, வேலை வாங்கவா?"

நாங்கள் பேசாதிருந்தோம்.

"ஆக்சிலேட்டரைக் கைக்கு மாத்திரலாம் தம்பி. பிரேக்கு? கிளட்ச்சு? அதுக்குக் கால்தானே வேணும்? கையில இழுத்து வச்சது, கால எடுத்தாலும் நிக்காது. உணர்ச்சியில்லாத காலுக்கு அது இன்னும் ஆபத்து."

கால் இயலாதவர்களுக்கென முறையாக மாற்றியமைக்கப்படும் வண்டிகள் உண்டு. அவற்றில் பிரேக்கையும் கையாலேயே இயக்கலாம். ஒரு குமிழை மட்டும் மாட்டிவிட்டு அதனைத் துணை என்று சொல்வது, ஊன்றுகோலின் படத்தைக் கையில் கொடுப்பது போன்றதே. இதை எங்களுக்கு விளக்க மெக்கானிக் அரை நிமிடம் எடுத்துக்கொண்டார். தந்தையாரிடம் எடுத்துச் சொல்லும் துணிவு வர எங்களுக்கு மூன்று வாரங்கள் ஆயின.

அந்த மூன்று வாரங்களில் மழையும் பொய்த்தது. காப்பிச் செடி பூப்பதற்கு மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை வேண்டும். அது தவறினால் ஓடைநீரை இறைத்தாக வேண்டும். ஜீப்பின் பின்புறம் பெல்ட் புல்லி இருந்தது. அதில் பம்பைப் பூட்டி, ஆக்சிலேட்டர் மிதியின் மேல் கல்லை ஏற்றிவைத்து நீர் இறைப்பதே எங்கள் வீட்டு வழக்கம். அதிர்வில் கல் நழுவும், எஞ்சின் தணியும். பம்பின் சுழற்சி பாதியானால், நீரை உயரத் தள்ளும் ஆற்றல் நான்கில் ஒன்றாகிவிடும். மேட்டுச் செடிகளுக்குச் சொட்டு நீரும் போகாது. அப்போதுதான் மெக்கானிக் கேட்ட கேள்வியின் இரண்டாம் பாதி எங்களுக்கு நினைவு வந்தது. வேலை வாங்கத்தான் வேண்டும்.

பழைய லாரிச் சோக் கேபிள் ஒன்றை வாங்கி வந்தோம். குமிழைத் திருகினால் நின்ற இடத்தில் இறுகிக்கொள்ளும் வகை அது. ரப்பர் மூடியை எடுத்து, அதே ஓட்டையில் குமிழைப் பொருத்தினோம். கேபிளைச் சூடான புகைக்குழாயின் அருகே செல்லவிடாமல், கூரிய வளைவின்றிக் கார்புரேட்டர்வரை கொண்டு சென்றோம். வெளியுறையை இரு முனையிலும் அசையாது இறுக்கினோம். உறை நகர்ந்தால் உள்கம்பி இழுத்தும் பயனில்லை. கார்புரேட்டர் நெம்புகோலில் ஒரு வளையத்தைப் பூட்டி, கம்பியை அதனூடே தளர்வாக விட்டு, அதற்கப்பால் கம்பியின் நுனியில் திருகுள்ள தடை ஒன்றை வைத்தோம். குமிழை இழுத்தால் தடை வளையத்தைப் பற்றி இழுக்கும். காலால் மேலும் மிதித்தால் வளையம் கம்பியின்மேல் வழுக்கிச் செல்லும். குமிழைத் தள்ளிவிட்டால் ஸ்பிரிங் தானே மூடிவிடும். அதாவது, வேகம் எந்த அளவுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதை மட்டுமே கை கட்டளையிடும். காலின் உரிமையை அது பறிக்காது. பாதுகாப்புக்காக இரண்டாவது ஸ்பிரிங் ஒன்றையும் சேர்த்தோம். குமிழ் முழுதும் உள்ளே இருக்கையில் கம்பியில் சிறிது தளர்ச்சி விட்டுவைத்தோம். இல்லையேல் எஞ்சின் தன் இயல்பான மெதுவோட்டத்திற்குத் திரும்பாது.

அன்று மாலையே தந்தையாரிடம் பேசினோம்.

"அப்பா, மாட்டியாச்சு. ஆனா இது ஓட்டுறதுக்கு இல்ல. தண்ணி இறைக்க. இனிமே வண்டிய நாங்க ஓட்டுறோம்."

நெடுநேரம் அவர் எங்களைப் பார்க்கவில்லை. பிறகு, "அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் பிள்ளைங்க இருந்திருந்தா..." என்று தொடங்கியவர், முடிக்காமல் சாவியை மேசைமீது வைத்தார். வாயிற்கல்லைப் பற்றி அதுவரை அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. அந்த வாரங்களில் அவரும் உறங்கவில்லை என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

மறுநாள் ஜீப்பை ஓடைக்கரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் அண்டைகொடுத்து, சக்கரங்கள் சுழலாதவாறு இடைக்கியரை நடுநிலையில் வைத்து, பெல்ட்டைப் பூட்டினோம். ஆனால் ஒரு குறை இருந்தது. பாரம் ஏறினாலும் இறங்கினாலும் வேகத்தைத் தானே சீர்செய்யும் கவர்னர் எங்கள் எஞ்சினில் இல்லை. பெல்ட் கழன்றால் பாரம் நீங்கிய எஞ்சின் கட்டின்றிச் சீறும். ஆகவே குமிழின் அருகே எவரேனும் ஒருவர் அமர்ந்தே இருக்க வேண்டும்.

"அதுக்கு நான் இருக்கேன்," என்றார் தந்தையார்.

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, குமிழின்மேல் வலக்கையை வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் பெல்ட் உண்மையிலேயே கழன்றது. மேட்டில் குழாயைப் பிடித்து நின்ற எங்களுக்கு எஞ்சினின் அலறல் கேட்டது. நாங்கள் திரும்பி ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் அது அடங்கிவிட்டது. இறங்கி வந்து பார்த்தபோது, குமிழ் முழுதும் உள்ளே தள்ளப்பட்டிருந்தது. அவர் முகத்தில் நெடுநாட்களாக நாங்கள் காணாத ஓர் அமைதி. கால்கள் மறந்துவிட்டதைக் காதும் கையும் மறக்கவில்லை.

பெற்றோரிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டிய காலம் பிள்ளைகள் பலருக்கும் வருகிறது. சாவியை வாங்குவதோடு கடமை முடிந்துவிட்டதென்று எண்ணிவிடுகிறோம். வெறுமையான அந்தக் கைகளில் மெய்யான வேலை ஒன்றை வைப்பதே அதனினும் பெரிய கடமை என்பதைப் பழைய ஜீப் ஒன்று எங்களுக்குக் கற்பித்தது. அதன்பின் நான்கு கோடைகள் தந்தையார் அந்தக் குமிழைக் காத்தார். இன்று தோட்டத்தில் மின்சார மோட்டார் நீர் இறைக்கிறது. குமிழை மட்டும் நாங்கள் கழற்றவில்லை.