லேப்டாப்பில் என் குரல் காணாமல் போன கதை

போன தடவை இந்தச் சுவர் இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது எப்படி என்று எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் டியூபைக் கழற்றிப் பார்த்தீர்கள். நான் எழுதுவதும் ரிப்பேர் பற்றித்தான். ஆனால் இதற்கு ஸ்பேனர் வேண்டாம், காது வேண்டும்.

என் பக்கத்தில் உட்காரும் தோழிக்குக் கண் பார்வை ரொம்பக் குறைவு. அவள் பெயரை எழுதக் கூடாதாம். "எழுதினா தாளைக் கிழிச்சிருவேன்"னு சொல்லிவிட்டாள். புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டி வைத்து ஒரு பக்கம் படிப்பதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதனால் ஏழாம் வகுப்பிலிருந்து நான் பாடத்தைச் சத்தமாகப் படித்து, எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பில் பதிவு செய்து கொடுக்கிறேன். அவள் அதை அவங்க அப்பாவின் பழைய போனில் ஏற்றி ராத்திரி கேட்டுக் கேட்டே படித்துவிடுவாள். பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார். சமூக அறிவியலில் எப்பவும் என்னைவிட ஐந்தாறு மார்க் கூட. எனக்குக் கொஞ்சம் கடுப்புதான், இருக்கட்டும்.

"போன்லயே பதியலாமே" என்று கேட்பீர்கள். அம்மா போன் அம்மாவோடு வேலைக்குப் போய்விட்டு ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு வரும். அதோடு லேப்டாப்பில் ஆடாசிட்டி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. தப்பாகப் படித்தால், நடுவில் தம்பி கத்தினால், அந்த இடத்தை மட்டும் துணி வெட்டுவது போல வெட்டி எடுத்துவிடலாம்.

எங்கள் லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுத ஆரம்பித்தது. யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். நம் மாநிலத்தில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில்கூட விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அதைச் செய்தது சென்னையில் உள்ள சி-டாக். எங்களுடையது அந்த லேப்டாப் இல்லை. அண்ணன் தன் கல்லூரி சீனியரிடம் பழசாக வாங்கியது. லினக்ஸ் போட்டு, எல்லாம் சரி பண்ணிக் கொடுத்தவரும் அந்த சீனியர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அண்ணன் கோயம்புத்தூரில் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் ஞாயிற்றுக்கிழமை லினக்ஸைப் புதுப் பதிப்புக்கு மாற்றினான். பழையதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நிற்கப்போகிறது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றான். மூன்று மணி நேரம் ஓடியது. திரை அழகாகிவிட்டது. அண்ணன் ராத்திரி பஸ் ஏறிவிட்டான்.

திங்கள் சாயந்திரம் வரலாறு பாடம் படித்தேன், இருபது நிமிஷம். திரையில் மலை மலையாக ஏறி இறங்க வேண்டிய குரல் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தது. என் குரல் எங்கேயும் இல்லை. காலாண்டுத் தேர்வுக்கு இன்னும் பதினொரு நாள். ஏழு பாடம் பாக்கி.

அம்மா வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "பாப்பா, எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தாத. ஒண்ணு மாத்து, பாரு, நோட்டுல எழுது, அப்புறம் அடுத்தது" என்றான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அதைப் பார்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதல் கேள்வி, மைக் இருப்பது லினக்ஸுக்குத் தெரிகிறதா? கறுப்புத் திரையில் ஏரெகார்ட் என்று அடித்து, இடம் விட்டு, ஒரு சின்னக் கோடும் சின்ன எல் எழுத்தும் போட வேண்டும். பதிவு செய்யக்கூடிய கருவிகளின் பட்டியல் வரும். எங்கள் மைக் அதில் இருந்தது. பட்டியல் காலியாக இருந்தால் வழியே வேறு. சில புதிய லேப்டாப்களில் ஒலிச் சில்லுக்கு ஃபர்ம்வேர் என்ற கோப்பு தனியாக வேண்டும், அது இல்லாவிட்டால் மைக்கே கண்ணில் படாது.

அடுத்தது ஆல்சாமிக்சர். அதில் எஃப் 6 அமுக்கி உண்மையான ஒலி அட்டையைத் தேர்ந்தெடுத்து, எஃப் 4 அமுக்கினால் மைக் பக்கம் வரும். அங்கே அளவு சுழியமாக இருக்கிறதா, பதிவு அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறைய பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடுமாம். எனக்கு அளவு எண்பதில் நின்றது.

மூன்றாவது, ஒலி அமைப்பில் 'டூப்ளெக்ஸ்' இருக்கிறதா? டூப்ளெக்ஸ் என்றால் கேட்பதும் பேசுவதும் இரண்டும் உண்டு என்று அர்த்தம். அப்கிரேடுக்குப் பிறகு சில சமயம் அது 'வெளியீடு மட்டும்' என்று மாறிவிடும். அப்போது பாட்டுக் கேட்கலாம், பேச முடியாது. எங்களுக்கு டூப்ளெக்ஸ்தான் இருந்தது. தனியுரிமை என்ற பகுதியில் மைக்ரோஃபோனைத் தடுத்திருக்கிறதா என்றும் பார்த்தேன். இல்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணன் விட்டுப்போன பென் டிரைவ் கிடைத்தது. அதில் பழைய பதிப்பு இருந்தது. அதை லேப்டாப்பில் ஏற்றாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டினேன். அதிலும் கோடு நேராகவே வந்தது! அண்ணன் குரலே இறங்கிவிட்டது. "பழசுலயும் வரலைன்னா மைக்கே போயிருக்கும் பாப்பா. அப்கிரேடு பண்ணின அன்னைக்கே அதுவும் போயிருக்கு." புதன்கிழமை அப்பா டவுனுக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் திறந்து பார்க்கவே ஆயிரத்து ஐநூறு ரூபாய் ஆகும் என்றாராம். அப்பா ஒன்றும் சொல்லாமல் திருப்பி எடுத்து வந்து மேசையில் வைத்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை அண்ணன் இன்னொரு சோதனை சொன்னான். ஆடாசிட்டி வேண்டாம், கறுப்புத் திரையிலிருந்தே ஐந்து நொடி பதிந்து பார் என்றான். "ஒன்று இரண்டு மூன்று, மதிய உணவில் முட்டை உண்டு" என்று பதிந்தேன். எங்கள் லேப்டாப்பின் ஸ்பீக்கர் போன வருஷமே கிழிந்துவிட்டதால் கோப்பை அம்மா போனில் ஏற்றிக் கேட்டேன். காதை ஒட்டி வைத்தாலும் 'இஸ்ஸ்' என்று மெல்லிசாக ஒரு இரைச்சல் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை தோழியே வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் இன்னும் அவளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. இனி பாடம் வராது என்று எப்படிச் சொல்வது? பழைய பதிவு எதையோ கேட்கலாம் என்று அம்மா போனில் தன் இயர்போனைச் செருகினாள். அந்த இயர்போனில் வலது பக்கம் அறுந்து ரொம்ப நாளாகிறது, இடது மட்டும்தான் கேட்கும். கை பட்டு அந்த ஐந்து நொடி ஓடியது. சிரித்தாள்.

"முட்டை உண்டுன்னு எதுக்குடி பதிஞ்சு வச்சிருக்க?"

"கேக்குதா ஒனக்கு?"

"நல்லாத்தான கேக்குது."

இயர்போனைப் பிடுங்கி என் காதில் வைத்தேன். என் குரல் தெளிவாகக் கேட்டது! இயர்போனை எடுத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். இல்லை. மறுபடி செருகினேன். இருந்தது. எட்டுத் தடவை செய்தோம். அம்மா "பேய் பிடிச்சிருக்கா ரெண்டுக்கும்" என்று கேட்டார்கள். அப்போதுதான் தோழி சொன்னாள்: "ரெண்டு காதும் சேந்தா கேக்கல, ஒரு காது மட்டும்னா கேக்குது. சேக்குற எடத்துலதான் ஏதோ ஆகுது."

அண்ணனுக்குச் சொன்னதும் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. பிறகு அந்தக் கோப்பை ஆடாசிட்டியில் திறந்து பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னான். மேலே ஒரு கோடு, அது இடது. கீழே ஒரு கோடு, அது வலது. மேலே மலை இருக்கும் இடத்தில் கீழே பள்ளம், மேலே பள்ளம் என்றால் கீழே மலை. கண்மாய்க் கரைப் பனைமரம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியுமே, அப்படியே!

இது ஏன் என்று சனிக்கிழமை சிறப்பு வகுப்பில் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் கரும்பலகையில் +5, −5 என்று எழுதிக் கூட்டச் சொன்னார்கள். சுழியம். ஒலி என்பது காற்று நெருங்குவதும் விலகுவதும். ஒரு பக்கம் 'நெருங்கு' என்று சொல்லும் அதே நேரத்தில் அதே அளவில் மறுபக்கம் 'விலகு' என்று சொன்னால், கூட்டும்போது ஒன்றும் மிஞ்சாது. அம்மா போனில் ஸ்பீக்கர் ஒன்றுதான், அதனால் இடது வலது இரண்டையும் கூட்டித்தான் ஒலிக்கும். ஆடாசிட்டியிலும் நான் எப்போதும் ஒற்றைத் தடத்தில், அதாவது மோனோவில் பதிவேன். பேச்சுக்கு அது போதும், கோப்பும் சின்னதாக இருக்கும். அங்கேயும் கூட்டல்தான். அதனால்தான் நேர்கோடு. இரைச்சலை அடக்கும் விலை உயர்ந்த ஹெட்போன்களும் வெளிச் சத்தத்துக்குத் தலைகீழ் அலை உண்டாக்கித்தான் அதை அழிக்கின்றன என்று டீச்சர் சொன்னார்கள். அதற்குக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். எங்களுக்கு இலவசமாகவே வந்துவிட்டது!

சில லேப்டாப்களில் மைக் இப்படித்தான் அமைந்திருக்கும். இடது பக்கம் நேராகவும் வலது பக்கம் தலைகீழாகவும் ஒலியை அனுப்பும். அப்படியானால் இரண்டு வருஷமாக எப்படி நன்றாக ஓடியது? அண்ணன் சீனியருக்குப் போன் போட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "ஆமாடா, வாங்கின புதுசுலயே வலது பக்கத்தைச் சுழியமாக்கி வச்சிருந்தேன்" என்றாராம்.

நான் புரிந்துகொண்டதை நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். லினக்ஸில் ஆல்சா என்பது மடை. மடையைத் திறந்து எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க மேலே ஒரு ஆள் உண்டு. பல வருஷம் அந்த ஆள் பல்ஸ்ஆடியோ. இப்போது பைப்வயர் என்ற புது ஆள். ஃபெடோரா என்ற லினக்ஸில் 2021-லும் உபுண்டுவில் 2022-ல் வந்த 22.10 பதிப்பிலும் பைப்வயருக்கு மாறினார்கள். புது ஆள் கெட்டிக்காரர்தான். ஆனால் பழைய ஆளின் நோட்டில் 'வலது வாய்க்காலை அடைத்து வை' என்று இருந்த குறிப்பு இவர் நோட்டில் இல்லை. இரண்டு வாய்க்காலையும் திறந்துவிட்டார். பென் டிரைவில் ஓடியது பழைய பதிப்புதான், ஆனால் அதன் நோட்டு வெறும் நோட்டு. சீனியர் அண்ணன் எழுதியது அதில் எப்படி இருக்கும்? அதை நம்பித்தான் மைக் போய்விட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினோம்.

சரி செய்ய எடுத்த நேரம் ஒரு நிமிஷம். பாவுகன்ட்ரோல் என்ற மென்பொருளைத் திறந்து உள்ளீட்டுக் கருவிகள் பக்கம் போனால், மைக்குக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் இருக்கும். இடதும் வலதும் சேர்ந்தே நகரும்படி அது கட்டி வைத்திருக்கும். பூட்டை எடுத்துவிட்டு வலதை மட்டும் சுழியத்துக்கு இழுத்தேன். ஆடாசிட்டியில் "வணக்கம்" என்றேன். மலை வந்தது. அம்மாவை, தம்பியை, எதிர் வீட்டுப் பாட்டியை எல்லாம் கூப்பிட்டுப் பேசவைத்தேன். பாட்டி மைக் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திரையைப் பார்த்து "நல்லாருக்கியா" என்று விசாரித்தார்.

அண்ணன் சொன்னபடி ஒரு தாளில் 'மைக்: இடது மட்டும், வலது 0' என்று எழுதி லேப்டாப் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அடுத்த அப்கிரேடு யார் செய்தாலும் முதலில் அது கண்ணில் படும்.

சனி ராத்திரியே உட்கார்ந்து மூன்று பாடம் படித்தேன். ஞாயிறு இரண்டு, திங்கள் இரண்டு. தொண்டை கட்டிவிட்டது. அம்மா மிளகுப் பால் போட்டுத் தந்தார்கள். உங்கள் யார் வீட்டு லேப்டாப்பிலாவது மைக் பேசாவிட்டால் மதிய இடைவேளையில் ஒன்பதாம் வகுப்புக்கு வாருங்கள். ஒரு பக்கம் அறுந்த இயர்போன் இருந்தால் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு வாருங்கள்.

தோழி ஏழு பாடத்தையும் கேட்டு முடித்துவிட்டாள். நன்றி எல்லாம் சொல்லவில்லை. நாலாவது பாடத்தில் பின்னால் சேவல் கூவுகிறதாம், ஆறாவதில் நான் ஒரு பத்தியைத் தாண்டிவிட்டேனாம். தாண்டவே இல்லை, புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். "சேவலையாவது வெட்டு" என்கிறாள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி