மூணு மொழி பேசும் கல்!

கொழும்புக்கு டூர் போனா ஷாப்பிங்கோட திரும்பிடாதீங்க. தேசிய அருங்காட்சியகத்துக்கும் ஒரு விசிட் அடிங்க. அங்கே ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள்!

சீனாவின் மிங் பேரரசர் சார்பில் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல்வெட்டு இது. ஆண்டு 1409. சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தெனாவரை நாயனார் என்ற விஷ்ணுவுக்கு. பாரசீகத்தில் அல்லாவுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய்னு மூணுலயும் கிட்டத்தட்ட ஒரே லிஸ்ட். யார் மனசும் கோணாத பக்கா ராஜதந்திரம்!

ஆனா, 1411-ல் நடந்தது வேற. அதே செங் ஹோவின் படை, கோட்டே ராஜ்ஜியத்தை ஆண்ட அழகேஸ்வரனைச் சிறைபிடித்து சீனாவுக்குக் கொண்டுபோனது. அப்புறம்தான் விடுதலை.

கொழும்பிலிருந்து தெற்கே ரயில் ஏறுங்க. ஜன்னலை ஒட்டியே கடல் வரும். வழியில் காலி. 1911-ல் இந்தக் கல் கிடைத்தது இங்கேதான். எழுத்தெல்லாம் கீழே பார்த்தபடி, ஒரு சிறுபாலத்துக்கு மூடியாகக் கிடந்ததாம்! மாத்தறையைத் தாண்டினால் தெய்வேந்திரமுனை. நாயனாரின் பழைய கோயிலை 1588-ல் போர்த்துகீசியர்கள் இடித்துவிட்டார்கள்.

இன்னும் கிழக்கே போனால் அம்பாந்தோட்டை. சீனக் கடனில் கட்டி, 2010-ல் திறந்த துறைமுகம். எதிர்பார்த்த அளவுக்குக் கப்பல்கள் வரலை. 2017-ல் சீன நிறுவனத்துக்கு 99 வருஷக் குத்தகை, 112 கோடி டாலருக்கு. 'கடனுக்குப் பிடுங்கிட்டாங்க'ன்னு பலரும் சொல்வாங்க. உண்மையில் குத்தகைப் பணம் அன்னியச் செலாவணி கையிருப்புக்குத்தான் போனது. துறைமுகக் கடன் அப்படியே நின்றது!

2022 ஆகஸ்ட்டில் 'யுவான் வாங் 5' என்ற சீனக் கப்பல் இங்கே வந்தது. ஆராய்ச்சிக் கப்பல் என்றது சீனா. உளவுக் கப்பலோ என்று கவலைப்பட்டது இந்தியா. வருகையைத் தள்ளிப்போடச் சொன்ன இலங்கை, பிறகு அனுமதித்தது. அது அந்நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்த வருஷம். ரெண்டு பெரிய வீட்டுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட சின்ன வீட்டுக்காரன் நிலைமை!

பரிசோடு வரும் கப்பலைத் திருப்பி அனுப்பணும்னு இல்லை. ஆனா, கையெழுத்துப் போடும் முன்னாடி கல்லைத் திருப்பிப் போட்டுப் படிச்சிடணும் பாஸ்!