இறங்கிக்கொண்டே ஒரு சுற்றுலா

ஏப்ரல் 13, ஞாயிறு

ஹூஸ்டனிலிருந்து மைத்துனன் பேசினான். ஜூன் மாதம் குடும்பத்தோடு வருகிறானாம். முதலில் மதுரை, பிறகு ஓசூரில் எங்களோடு ஒரு வாரம். "மாமா, ஓசூர்ல பார்க்க என்ன இருக்கு? பசங்களைப் பெங்களூர்ல ஏதாவது மாலுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கேயே குடியிருப்பவர்களும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி நெரிசலில் போய்த்தான் நிற்கிறார்கள்.

போன வருடம் அவர்கள் டெக்சாஸைச் சுற்றிய விவரத்தை எக்செல் தாளாகவே குடும்பக் குழுவில் போட்டிருந்தான். கால்வெஸ்டன் கடற்கரை, சான் அன்டோனியோவில் ஸ்பானியர் காலத்துத் தேவாலயங்கள், கடைசியில் பிக் பெண்ட் பாலைவனம். ஹூஸ்டனிலிருந்து பிக் பெண்டுக்கு ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் கார் ஓட்ட வேண்டும். தமிழ்நாட்டைப்போல ஐந்து மடங்கு பெரிய மாநிலம். கடலையும் பாலைவனத்தையும் ஒரே விடுமுறையில் பார்க்க நினைத்தால் அங்கே அவ்வளவு தூரம் போய்த்தான் ஆக வேண்டும்.

என் மனைவி போட்ட திட்டமும் அதே ஜாதி: ஏற்காடு, தஞ்சாவூர், ராமேஸ்வரம், கன்னியாகுமரி, திரும்பும்போது கொடைக்கானல். எனக்குக் கிடைக்கும் லீவு முழுக்க வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். கிருஷ்ணகிரி மாவட்டத்தைத் தாண்டாமல் ஒரு திட்டம் போடுகிறேன் என்று சொன்னேன். சிரித்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூக்கம் பிடிக்கவில்லை. மாவட்ட வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டேன். மாவட்டத்தின் பரப்பு 5,143 சதுர கிலோமீட்டர். கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டு உயரத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மைசூர் பீடபூமியின் விளிம்பில் இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிருஷ்ணகிரி 500 மீட்டர் அளவில். தெற்கே, தருமபுரி மாவட்ட எல்லைக்குள் கொஞ்சம் நுழைந்தால், 250 மீட்டரில் ஒகேனக்கல். இதே சரிவில் பயிரும் வெயிலும் பேச்சும் மாறுகின்றன. ஓசூரிலும் தளியிலும் பசுமைக் குடிலுக்குள் ரோஜாவும் குடைமிளகாயும். கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு. அஞ்செட்டியில் ராகி.

மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போவதுதான் திட்டம் என்று முடிவு செய்தேன். தளியை 'லிட்டில் இங்கிலாந்து' என்று சொல்வது கொஞ்சம் அதிகம். ஆனால் ஜூன் மாதச் சாயங்காலத்தில் அங்கே காற்று குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அங்கே தொடங்கலாம். ஓசூருக்குப் பக்கத்திலேயே தொரப்பள்ளியில் ராஜாஜி 1878இல் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் பிறந்த வீடு அத்தனை சின்னது. பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும்.

மே 1, வியாழன்

ஆலை விடுமுறை. விடியும் முன்பே மகளோடு பைக்கில் ராயக்கோட்டைக்குப் போனேன். ஊருக்குள் தக்காளி மண்டி. பெட்டி பெட்டியாக லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. மலைக்கோட்டைக்கு அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட்டோம்.

உச்சியில் நின்றால் இந்தக் கோட்டை ஏன் இங்கே என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் பீடபூமி, மறுபக்கம் கீழே விரியும், கிருஷ்ணகிரியைச் சேர்ந்த பழைய பாராமகால் சீமை. இரண்டுக்கும் நடுவே ஏறும் கணவாயின் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது கோட்டை. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இதைப் பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கிய கம்பெனித் தளபதி மேக்ஸ்வெல்லின் படை தோற்றுத் திரும்பியது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்குப் போயிற்று. ஓசூர் மைசூரின் திப்பு சுல்தானிடமே இருந்தது. ஆக, ஏழு வருடம் ஓசூர் ஒரு நாடு, கிருஷ்ணகிரி வேறொரு நாடு. 1799இல் கம்பெனித் தளபதி ஹாரிஸின் படை இந்த ராயக்கோட்டை வழியாகத்தான் மைசூருக்குள் ஏறியது. இன்று நாம் எல்லை என்று நினைப்பது அத்திப்பள்ளியை. அன்றைக்கு எல்லை இந்தச் சரிவு.

"அப்போ நாம திப்பு சைடாப்பா?" என்று மகள் கேட்டாள். பாடப்புத்தகத்தில் படித்தபோது வராத கேள்வி. ராயக்கோட்டைக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஒதுக்கிவிட்டேன். கிருஷ்ணகிரிக் கோட்டையைக் கீழிருந்து பார்த்தால் போதும். இரண்டு மலையை அடுத்தடுத்த நாள் ஏறவைத்தால் பிள்ளைகள் கோட்டை என்றாலே ஓடுவார்கள்.

மே 4, ஞாயிறு

காட்டுப் பகுதிதான் குழப்பம். எங்கள் ஷாப்பில் சி.என்.சி. ஓட்டும் தம்பி தேன்கனிக்கோட்டைக்காரன். வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, ஆலையில் தமிழ். அவனிடம் கேட்டேன். "சார், அஞ்செட்டி ரோட்டுல பொழுது சாஞ்சப்புறம் பைக் வேண்டாம். கார்னாலும் எங்கயும் நிறுத்தாதீங்க" என்றான். ராகி விளையும் குளிர்காலத்தில்தான் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தளி, சானமாவு என்று வந்து இறங்கும். ஜூனில் அவ்வளவு வராது. ஆனாலும் அந்தக் காடு யானையுடைய இடம். 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம், 2022இல் காவிரி தெற்குச் சரணாலயம் என்று அறிவித்திருக்கிறார்கள். சாலையிலிருந்து விலகி உள்ளே போய் படம் பிடிப்பது, பாட்டுப் போட்டுக்கொண்டு பிரியாணி சாப்பிடுவது எதுவும் கூடாது. மைத்துனனுக்கு இதை இப்போதே எழுதிவிட வேண்டும்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகப் பகலிலேயே ஒகேனக்கல்லுக்கு இறங்கிவிடுவது என்று வைத்திருக்கிறேன். இந்த மாவட்டத்தில் என்னைக் கேட்டால் இதைவிட நல்ல சாலை கிடையாது. பெட்டமுகிலாளம் மலைக்கிராமத்தையும் சேர்க்கலாமா என்று மனைவி கேட்டாள். மலையேறிப் போய், கிராமத்து ஜனங்களை வேடிக்கை பார்த்துவிட்டு வருவதில் எனக்கு இஷ்டமில்லை. விட்டுவிட்டேன்.

மே 11, ஞாயிறு

ஜூனில் வருவதால் மாம்பழத்தை நம்பியிருக்கிறோம். சந்தையில் செந்தூராவும் அல்போன்சாவும் வந்துவிட்டன. கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா காய் ஜூன், ஜூலையில்தான் குவியும். வெளியூர்க்காரர்கள் கிளிமூக்கு என்பார்கள். கிருஷ்ணகிரியில் வருடந்தோறும் நடக்கும் மாங்கனிக் கண்காட்சியும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். தேதி வந்தால் அதையொட்டி நாளை நகர்த்திக்கொள்ளலாம்.

அதே பகலில் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம். நடுகற்களைப் பார்க்கவே போகலாம். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவன் இன்னும் வில்லோடு நிற்கிறான். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையையும் சொல்லியாக வேண்டும். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதையும் தாண்டி கி.மு. 3345க்குப் போய்விட்டது. மயிலாடும்பாறையில் போய்ப் பார்த்தால் குன்றும் காடும்தான். பெரிய காட்சி எதுவும் கிடையாது. ஆலையில் இரும்பை இழைத்துப் பிழைக்கிறவன் நான். எனக்கு அந்தக் குன்றே போதும். அமெரிக்காவில் வளரும் பிள்ளைகளுக்குப் போதுமா என்று தெரியவில்லை. நேரமிருந்தால் என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன்.

மத்தியானச் சாப்பாடு கிருஷ்ணகிரி (கே.ஆர்.பி.) அணையில் மீன் வறுவலோடு. தென்பெண்ணையின் குறுக்கே 1957இல் காமராஜர் திறந்து வைத்த அணை. அதே தென்பெண்ணையில் ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையும் இருக்கிறது. அது திட்டத்தில் இல்லை. பெங்களூரின் கழிவுநீர் கலந்து அங்கே வெள்ளை வெளேரென்று நுரை பொங்குவதை விருந்தாளிகளுக்குக் காட்ட மனம் வரவில்லை. மறைக்கவும் போவதில்லை. பிள்ளைகள் கேட்டால் சொல்லிவிடுவேன்.

மே 18, ஞாயிறு

திட்டத்தை அனுப்பிவிட்டேன். தளி, தொரப்பள்ளி, ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி, மறுபடி மேலே ஏறி அஞ்செட்டி, கடைசியாக ஒகேனக்கல்லில் காவிரி. மைத்துனன் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "மாமா, மொத்தம் எத்தனை மணி நேரம் டிரைவிங்?" ஒரு நாளில் மூன்று மணி நேரத்தைத் தாண்டாது என்றேன். நம்பாமல் கூகுள் மேப்பில் போட்டுப் பார்த்துவிட்டு, சரி என்றான்.

ஒகேனக்கல் மட்டும் நம் கையில் இல்லை. கர்நாடக நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை வலுத்து, அணைகளைத் திறந்தால் இங்கே பரிசலையும் அருவிக் குளியலையும் நிறுத்திவிடுவார்கள். ஜூன் பிற்பகுதியில் அங்கே போக நினைப்பவர்கள் வண்டியெடுக்கும் முன் அன்றைய நீர்வரத்தையும் தருமபுரி மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். தடை இருக்கும்போது தனியாகப் பேசி ஆற்றில் இறக்கிவிடுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.